ஏழாம் எண் மழைமானி

"எனக்குத் தகுதி இல்லையாம், மேடம்."

கவியரசு நீரியல் ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே நின்று இதைச் சொன்னான். சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன். உள்ளே பாட ஆசிரியை மரியபுஷ்பம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்குத் தகுதி?"

"கோடை இன்டர்ன்ஷிப்புக்கு. டெல்லியில ரெண்டு மாசம். வெள்ளம் வந்தா அரசாங்கம் என்ன செய்யணும்னு கொள்கை எழுதுற குழு. இன்ஜினியரிங் பசங்களத்தான் கேட்டிருக்காங்க. ஆனா அரியர் இருக்கக் கூடாதாம்."

"உனக்கு இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. பரீட்சை அன்னைக்கு எங்க ஊர்ல பேய் மழை. ஏரி ஒடஞ்சு ஊருக்குள்ள வந்துருச்சு. பஸ் இல்ல. ரோடே இல்ல. ஆப்சென்ட் போட்டுட்டாங்க."

அன்று மாட்டை அவிழ்த்துவிடப் போன அவன் அண்ணன் திரும்பி வரவில்லை. கல்லூரிக்கே தெரிந்த விஷயம். மதிப்பெண் பட்டியலுக்கு மட்டும் தெரியாது.

"எழுதிக் கேட்டியா?"

"கேட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு பதில் போட்டுட்டாங்க. வெள்ளத்தப் பத்திப் பேசுற எடத்துக்கு வெள்ளத்துல மாட்டுனவன் வரக்கூடாதாம். இப்படி ஒரு விதிய எழுதுனவன் மனுசனா, மேடம்?"

ஆறுதல் சொல்லும் பழக்கம் மேடத்துக்குக் கிடையாது. அலமாரியிலிருந்து ஒரு பட்டியலையும் ஒரு தாளையும் எடுத்து வைத்தார். பக்கத்தில் பென்சிலும் ரப்பரும்.

தாளில் வெறும் புள்ளிகள். ஊர்ப் பெயர் இல்லை, சாலை இல்லை, எண்கள் மட்டும்தான். ஒவ்வொரு எண்ணும் ஒரு மழைமானி. பட்டியலில் ஏதோ ஒரு வாரத்து மழை அளவு.

"மழைப் படம் போடு. எங்க அதிகம், எங்க கம்மின்னு தெரியணும்."

"இப்பவா, மேடம்?"

"இப்பத்தான்."

கடுப்போடுதான் உட்கார்ந்தான். ஆனாலும் பழகிய வேலை. பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு எதிரே இரண்டு நாள் கட்டம் காலியாக இருந்தது. யோசிக்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். தாளிலும் ஏழாம் புள்ளியை அடித்தான். மீதிப் புள்ளிகளை வைத்துப் பென்சிலால் கோடுகள் இழுத்தான்.

மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர் பக்கம் எப்படி?"

"சாதாரண மழைதான். சுத்தி இருக்கிறதெல்லாம் அப்படித்தான் காட்டுது. பயப்பட ஒண்ணுமில்ல."

"அத ஏன் அடிச்ச?"

"ரெண்டு நாள் அளவு இல்ல, மேடம். அரைகுறையா இருக்கிறதச் சேத்தா மொத்தப் படமும் கெட்டுப்போயிடும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மேடம் பட்டியலை அவன் பக்கம் திருப்பி, காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஏன் இல்லன்னு பாத்தியா?"

"அத எதுக்கு, மேடம்?"

மேடம் பென்சிலை எடுத்தார். அடித்த புள்ளியின் அருகே ஊர்ப் பெயரை எழுதினார். ஆண்டாரேந்தல்.

அவனுடைய ஊர்.

"அந்த ரெண்டு நாளும் அளக்க மானி இல்ல. ஏரித் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

கவியரசு படத்தையே பார்த்தான். அவன் போட்ட படத்தில் அந்த வாரம் ஆண்டாரேந்தலில் சாதாரண மழை. ஏரி உடைகிற மழை இல்லை. அண்ணன் சாகிற மழை இல்லை.

ரப்பரை எடுத்துத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். தாள் நைந்ததுதான் மிச்சம்.

"பேனாவால அடிச்சுட்டேன், மேடம்" என்றான்.