மொட்டையனின் வால்

அந்தக் காலத்தில் மீனும் பேசும், கல்லும் பேசும். ஆற்றுத் தண்ணீர் மட்டும் வாயைத் திறக்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓடும். கரையோரத்தில் அது ஓடுவதே தெரியாது. அந்தக் கரைச்சுவரில்தான் மூக்காயி என்ற சின்ன மீன் மூன்று வரிசையாக முட்டை ஒட்டி வைத்திருந்தாள். அவளுக்கு அது தலைப்பேறு.

ஒருநாள் மலையிலிருந்து ஒரு கல் உருண்டு வந்தான். அடிபட்டு அடிபட்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்ந்து போனவன். பெயர் மொட்டையன்.

"எங்கயும் நிக்க விடமாட்டேங்குறாங்க தாயி. இங்கன நடு ஆத்துல கெடந்துக்கிறேனே" என்று கெஞ்சினான்.

அந்த ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. குடிவருகிறவரை மூக்கிலிருந்து வால் நுனி வரை அளப்பார்கள். அந்த நீளத்துக்கு மற்றவர்கள் தள்ளி இருக்க வேண்டும். விலாங்கு அண்ணன்தான் அளவுகோல். அவர் மொட்டையன்மேல் நீளவாக்கில் படுத்துப் பார்த்தார், குறுக்கே படுத்துப் பார்த்தார்.

"இவனுக்கு வாலே இல்லம்மா. என்னத்த அளக்குறது?"

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்ண்ணே" என்றாள் மூக்காயி. வாலில்லாதவனால் யாருக்கு என்ன தொல்லை என்று எல்லோருமே நினைத்தார்கள்.

மறுநாளே கரையோரத் தண்ணீருக்குக் கிறுக்குப் பிடித்தது. புரண்டு புரண்டு சுவரில் மோதி, ஒரு வரிசை முட்டையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்கடுத்த நாள் இன்னொரு வரிசை போனது. பெற்ற வயிறு பற்றி எரியாதா? மூக்காயி பாய்ந்து போனாள்.

"இடங் குடுத்தா மடத்தப் புடுங்குவியாடா? எம் பிள்ளைகள எதுக்கு ஒதைக்கிற?"

"சத்தியமா நான் இம்மியும் அசையல தாயி. அண்ணனக் கேளு."

"அவன் அசையலதாம்மா" என்றார் விலாங்கு.

மூக்காயி கல்லைச் சுற்றி வந்தாள். அவன்மேல் பட்டுப் பிளந்த தண்ணீர், அவனைத் தாண்டியதும் ஒழுங்காகச் சேராமல் முறுக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் ஒரு சுழி. அந்த முறுக்கு நீண்டு ஆடிக்கொண்டே போய்க் கரைச்சுவரில் அடித்தது.

"அண்ணே, இவனுக்கு வாலு இருக்கு. தண்ணியால ஆன வாலு. நாம ஒடம்பத்தான் அளந்தோம்."

மொட்டையன் விம்மினான். "என்னைய உருட்டி விட்ருங்க தாயி."

"உருண்டு எங்க போவ? அங்கயும் ஒருத்தி முட்ட வச்சிருப்பாடா."

அப்போதுதான் அவள் கவனித்தாள். தண்ணீர் வந்து மோதும் பக்கத்துக்கு மறுபக்கம், கல்லின் முதுகை ஒட்டினாற்போல் ஒரு சாண் இடத்தில் தண்ணீர் அலுப்பில் படுத்தது போலக் கிடந்தது. மிச்சமிருந்த முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு வந்து, அங்கே கல்லில் இருந்த குழியில் உமிழ்ந்தாள். ஆனால் வால் ஆடும்போது அந்த இடத்தையும் எட்டி எட்டித் தொட்டது.

"எனக்குக் கையிருந்தாப் பொத்திக்குவேனே!" என்று பதறினான் மொட்டையன்.

"நான் பொத்துறேன், நீ அசையாம இரு."

குழியின்மேல் உடம்பை மூடியாகப் போட்டு, உதட்டைக் கல்லில் பதித்து, பலங்கொண்ட மட்டும் கவ்வினாள். ஒன்பது நாள் கவ்வியபடியே கிடந்தாள். உதட்டுக்கு எட்டிய பாசிதான் சாப்பாடு. வாலடிக்கும் போதெல்லாம் மொட்டையன், "விட்ராத தாயி, விட்ராத" என்பான்.

பத்தாம் நாள் குஞ்சுகள் வெளியே வந்தன. மூக்காயி மெல்ல உதட்டை எடுத்தாள். வாய் தலைக்கடியில் இறங்கிவிட்டிருந்தது, பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. குஞ்சுகளுக்கும் அதே வாய்.

"என்னால உம் மொகமே போச்சே தாயி" என்றான் மொட்டையன்.

"போனாப் போகுது. பிள்ளைக இருக்குல்ல" என்றாள் அவள்.

அன்று முதல்தான் அந்த வம்சத்துக்குக் கல்லொட்டி என்று பெயர். இன்றும் ஓடும் தண்ணீரில் ஒரு கல்லின் முதுகைத் தடவிப் பாருங்கள், கையில் ஒன்று தட்டுப்படும். இழுத்தால் லேசில் வராது, குழிக்குள் இன்னும் பிள்ளைகள் இருப்பதாகவே அதற்கு நினைப்பு.