வீங்காத எலிகள்

பேராசிரியை மீனலோசனியின் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு மூட்டுவாதம் வரும். மனிதரின் முதுகெலும்பை மெல்ல மெல்ல இறுக்கிப் பூட்டிவிடுகிற, குடும்பவழியில் தொடரும் வாதம் அது. அந்த நோயாளிகளிடம் காணப்படும் ஒரு மரபணுவை எலிகளுக்குள் செலுத்தி, கால்கள் எப்போது வீங்குகின்றன என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

அவரிடம் ஆய்வு மாணவனாக இருந்தவன் தவசீலன். அவனுடைய அண்ணனுக்கு அந்த நோய். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடு திரும்புவார். தவசீலன் தன் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தான். அந்த மரபணு அவனுக்கும் இருந்தது.

கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். நேரே பேராசிரியையிடம் வந்தான்.

"கல்யாணம் வேண்டாம்னு பொண்ணு வீட்டுல சொல்லிடப் போறேன், மேடம்."

"இப்ப வலி ஏதாவது இருக்கா?"

"இல்ல. இனிமே வரும்."

"எந்தச் சாமி வந்து சொல்லிச்சு?"

"நம்ம எலிங்கதான். இந்த மரபணு இருந்த அத்தனைக்கும் வந்துச்சே. எதுக்கு எப்ப வீங்குச்சுன்னு நான் போட்ட வரைபடத்தை நீங்களும்தானே பார்த்தீங்க."

அவர் எழுந்து எலி அறைக்குப் போனார். அவனும் பின்னால் போனான். கீழ்த்தட்டில் சில கூண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் கொழுத்த எலி ஒன்று மூடியின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவர் யாரு?"

"அது சரியா அமையல, மேடம்."

"மரபணு ஏறலையா?"

"ஏறியிருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"அப்புறம் என்ன குறை?"

"கால் வீங்கவே இல்ல. கூடப் பிறந்ததெல்லாம் நொண்டுது, இது ஊஞ்சலாடுது. நோயே வராத எலியை வச்சு நோயை எப்படிப் படிக்கிறது? அதான் கணக்குல சேர்க்கல."

"மத்த கூண்டுல இருக்கிறதெல்லாம்?"

"அதுங்களும் அப்படித்தான்."

சொல்லி முடிக்கும்போதே அவன் குரல் தேய்ந்தது.

மீனலோசனி எலியை எடுத்து அவன் கையில் விட்டார். அது சட்டையைப் பற்றிக்கொண்டு தோள்வரை ஏறியது. அவன் அசையாமல் நின்றான்.

"அப்போ எனக்கு வராதா, மேடம்?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? இதுங்களையும் சேர்த்து வரைபடத்தை மறுபடி போடு. போட்டு முடிச்சதும் அந்தப் பொண்ணுகிட்ட கொண்டுபோய்க் காட்டு. வேண்டாம்னா, அவ சொல்லட்டும்."