சுவரில் ஒரு புடைப்பு

"இதையா வீடுன்னு சொன்னே?" என்று கேட்டது மொச்சையன் என்ற வெள்ளெலி.

"இப்போ வீடு இல்லதான். ஆக்கிடலாம்!" என்றது அதன் மனைவி செம்பி.

இரண்டும் குளக்கரை மேட்டில் ஒரு பழைய வளையின் வாசலில் நின்றுகொண்டிருந்தன. எந்தக் காலத்திலோ ஏதோ ஓர் எலி தோண்டி, வாழ்ந்து, விட்டுப் போன வளை அது. கூரை பாதி சரிந்து கிடந்தது. வேர்கள் தாடி போலத் தொங்கின. உள்ளே போனால் மக்கிய இலை முழங்கால் அளவு கிடந்தது. எலியின் முழங்கால்தான். இருந்தாலும் முழங்கால் முழங்கால்தானே!

ஆனால் இடம் மேடு. செம்பிக்கு அது போதும். போன ஐப்பசியில் வயல் வரப்பில் இருந்த வளைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, முதல் ஈற்றுக் குட்டிகள் மூன்றும் போய்விட்டன. அந்தத் துக்கம் செம்பியின் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. இப்போது வயிற்றில் மறுபடியும் குட்டிகள். மாதமோ ஆவணி. அடைமழைக்கு முன்னால் மேட்டில் ஒரு நல்ல வீடு தயாராக வேண்டும்.

"நம்மால ஆகுற வேலையா இது? பெருச்சாளி மேஸ்திரியைக் கூப்பிடுவோம்," என்றது மொச்சையன்.

அந்தக் குளக்கரையில் மண் வேலை என்றால் பெருச்சாளி மேஸ்திரிதான். மேஸ்திரி வந்தது. வளைக்குள் தலையை மட்டும் விட்டுப் பார்த்தது. அதற்கு மேல் உடம்பு நுழையவில்லை.

"ரெண்டு நாள் வேலை, தங்கச்சி! நாளைக்கு விடிஞ்சதும் ஆரம்பிச்சிடலாம்!"

சொன்னபடி மறுநாள் வந்தது. வாசலில் பெரிதாக ஒரு குழியைத் தோண்டியது. தோண்டிய மண்ணை வாசலிலேயே குவித்தது. "இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனது. போனது போனதுதான்.

மூன்று நாள் பார்த்துவிட்டுச் செம்பி தேடிக்கொண்டு கிளம்பியது. நண்டு வீட்டு வாசலில் ஒரு குழி இருந்தது. தேரை வீட்டு வாசலில் ஒரு குழி இருந்தது. உடும்பு வீட்டு வாசலில் இரண்டு. எல்லா வீட்டிலும் வேலை ஆரம்பித்திருந்தது. எந்த வீட்டிலும் முடியவில்லை. மேஸ்திரி தாழம்புதருக்குள் உட்கார்ந்து கோரைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

"நாளைக்கு, தங்கச்சி, நாளைக்கு! கையில நாலு வேலை ஓடுதுல்ல!"

இப்படியே பத்து 'நாளைக்கு' போயிற்று. பதினோராவது நாள் செம்பி வாசலில் கிடந்த மண்ணைத் தானே தள்ள ஆரம்பித்தது.

"என்ன பண்றே? வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு!" என்று பதறியது மொச்சையன்.

"தன் கையே தனக்கு உதவி. நீங்க தீனிக்குப் போங்க. வீட்டை என்கிட்ட விடுங்க!"

சொல்வது எளிது. முதல் நாள் மக்கிய இலையை வெளியே இழுத்துப் போட்டது. இரண்டாம் நாள் தொங்கிய வேர்களைக் கடித்து எடுத்தது. ஒரு வேரைக் கடித்ததும் அதோடு கூரையில் ஒரு கட்டி பெயர்ந்து செம்பியின் மண்டையில் விழுந்தது. அதற்குப் பிறகு எந்த வேரையும் தட்டிப் பார்க்காமல் கடிக்கவில்லை. கூரையைத் தாங்கிய வேர் எது, சும்மா தொங்கிய வேர் எது என்று பல்லுக்குப் பழகிவிட்டது.

பிறகு சுவர். குளத்து ஓரக் களிமண்ணை வாயில் கவ்விக் கொண்டுவந்து, வைக்கோல் துணுக்கைச் சேர்த்துப் பிசைந்து, சுவரில் அப்பி, முதுகால் தேய்த்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்தது. செம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு முழு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது. மறுநாள் ஒரு யோசனை தோன்றியது. காய்ந்த சுவர் ஈரத்தைக் குடித்துவிடுகிறது, அதனால்தான் மண் பிடிக்கவில்லை! குளத்துப் பாசியைக் கொண்டுவந்து முதலில் சுவரை நனைத்தது. அப்புறம் அப்பியது. இந்த முறை நின்றது.

மிகப் பெரிய தவறு அதற்கு அடுத்த வாரம் நடந்தது. தானிய அறை வேண்டும் என்று படுக்கை அறையிலிருந்து ஒரு வழி தோண்டியது. நாலு சாண் போனதும் பாறை தட்டியது. பாறையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் தோண்டியது. வழி மேலே மேலே ஏறி, கடைசியில் மேட்டு உச்சியில் இருந்த ஒரு கற்குவியலுக்கு நடுவே பகல் வெளிச்சம் தெரிந்தது. மூன்று நாள் உழைப்பு, கூரையில் ஓர் ஓட்டை!

யாராவது பார்த்தார்களா என்று செம்பி சுற்றும் முற்றும் பார்த்தது. பொடிமண்ணை உள்ளே தள்ளி வழி முழுவதையும் அவசரமாக அடைத்தது. படுக்கை அறைப் பக்கம் களிமண்ணால் பூசி மறைத்தது. பூச்சு கொஞ்சம் தடித்துப் போய், சுவரில் வயிறு போல ஒரு புடைப்பு நின்றுவிட்டது.

அன்று மாலை மொச்சையன் நெற்கதிரோடு வந்தது. "இங்க என்ன, புடைச்சுக்கிட்டு நிக்குது?"

"அது அழகுக்கு," என்றது செம்பி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

புரட்டாசி பிறந்தபோது வீடு முடிந்தது. முன்வாசல் குளத்தைப் பார்த்தபடி. படுக்கை அறை. வேறு பக்கம் தோண்டிய தானிய அறை. பின்னால் சப்பாத்திக்கள்ளிக்கு அடியில் முடியும் பின்வாசல். அதன் வாயைச் சருகு போட்டு மூடியாயிற்று. எலிக்கு உயிரே பின்வாசலில்தான் இருக்கிறது. முன்வாசல் வந்துபோகிறவர்களுக்கு.

செம்பிக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி முடியாது. வெளியே போகும், ஒரு காரணமும் இல்லாமல் திரும்பி வரும், சுவரைத் தொட்டுப் பார்க்கும். தூங்கப் படுத்த பிறகு எழுந்து போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்து படுக்கும். எத்தனையோ வளையில் இருந்திருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் சுவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது கிடையாது. புடைப்பைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகப் போகும். மழைத் தூறல் விழுந்தால் அங்கே ஈரம் கசிகிறதா என்று தொட்டுப் பார்க்கும்.

இப்போதுதான் பெருச்சாளி மேஸ்திரி வந்து சேர்ந்தது! முன்வாசலில் தலையை விட்டு நாலு பக்கமும் பார்த்தது. உச்சுக் கொட்டியது.

"யாரு இந்த வேலையைப் பார்த்தது?"

"நான்தான், அண்ணே."

"அதான பார்த்தேன். எல்லாத்தையும் இடிச்சுட்டு மறுபடியும் செய்யணும். அது என்ன புடைப்பு?"

"அழகுக்கு."

"அழகுக்கா! என்கிட்ட விட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"உங்ககிட்ட விட்டிருந்தா குழியிலதான் இருந்திருப்போம்," என்றது செம்பி. மேஸ்திரி தலையை வெளியே எடுத்துக்கொண்டது.

குட்டிகள் நான்கு பிறந்தன. அவற்றுக்குக் கண் திறந்ததும் வீடு காட்டும் விழா வைத்தன. வாசலில் ஏழு நெல்மணி வைத்து, அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டு, வீட்டைச் சுற்றிக் காட்டுவது அந்தக் கரையின் வழக்கம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு செம்பி உள்ளேயே இருந்தது. காட்டும் வேலையை மொச்சையன் எடுத்துக்கொண்டது. தான் ஒரு பிடி மண் அள்ளவில்லை என்பது அதற்கு மறந்தே போயிற்று.

"இதெல்லாம் என்ன! பின்னால வாங்க, இன்னொண்ணு காட்டறேன்!" என்று தவிட்டுக்குருவிக் கூட்டத்தைக் கள்ளிப் புதருக்கு அழைத்துக்கொண்டு போனது. சருகை விலக்கிக் காட்டியது. "ரகசியப் பின்வாசல்! யாருக்கும் தெரியாது!"

தவிட்டுக்குருவிகள் ஏழும் வாயைப் பிளந்தன. பிளந்த வாயை மூடவே இல்லை. நேரே புங்கமரத்துக்குப் பறந்து போய்க் கத்தின.

"கள்ளிக்கு அடியில பின்வாசலாம்!"

"சருகு போட்டு மூடியிருக்காம்!"

"யாருக்குமே தெரியாதாம்!"

புங்கமரத்தின் அடிப் பொந்தில் ஒரு சாரைப்பாம்பு படுத்திருந்தது. அதற்குப் பாம்புச் செவி. தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

ஐப்பசி வந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. செம்பி முன்வாசலைக் களிமண்ணால் கெட்டியாக அடைத்தது. நாலு நாளாக வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. குட்டிகள் உருண்டு விளையாடின. போன வருடத்து மூன்று குட்டிகளை நினைத்துச் செம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் காலை பின்வாசலில் சருகு சரசரத்தது.

"யாரது?" என்றது மொச்சையன்.

"விருந்தாளி!" என்றது ஒரு குரல். "விழாவுக்குத்தான் என்னைக் கூப்பிடலை. வழியை மட்டும் நல்லாக் கேட்டு வெச்சுக்கிட்டேன்!"

சாரை! நீண்ட உடம்பு பின்வழியை அடைத்துக்கொண்டு உள்ளே வழுக்கி வந்தது. மொச்சையன் அலறிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடி, அடைப்பைப் பிறாண்டியது.

"அங்க வேண்டாம்!" என்று கத்தியது செம்பி. "அது நான் அடைச்சது! நாம ரெண்டு பேரும் தோண்டினாலும் சீக்கிரம் திறக்காது!"

"அப்போ செத்தோம்!"

செம்பி ஒரு கணம்தான் நின்றது. வீடு முழுவதும் அதன் மனதில் ஓடியது. எந்த இடத்தில் என்ன மண், எந்த இடத்தில் எத்தனை பூச்சு, எல்லாம் அதன் பல்லும் முதுகும் அறிந்தவை. எங்கே கெட்டி என்று தெரிந்ததுக்கு எங்கே பொடிமண் என்று தெரியாதா? ஓடிப்போய்த் தலையால் அந்தப் புடைப்பை மோதியது.

பூச்சு உடைந்தது. பொடிமண் சரிந்தது.

"குட்டிங்க என் வாலைப் பிடிங்க! நீங்க கடைசியில வாங்க! வர்ற மண்ணையெல்லாம் பின்னால தள்ளுங்க!"

செம்பி முன்னால் தோண்டியது. நாலு குட்டிகளும் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டன. மொச்சையன் பின்னங்காலால் மண்ணை உதைத்துத் தள்ளியது. வாழ்நாளில் அது செய்த முதல் வீட்டு வேலை! ஆனால் நன்றாகவே செய்தது. சாரை புடைப்பு இருந்த இடத்துக்கு வந்து தலையை நுழைத்தபோது முகம் நிறைய மண்தான் கிடைத்தது. துப்பிவிட்டு முட்டியது. அதற்குள் வழி மறுபடியும் அடைபட்டுவிட்டது.

"இந்த வழியைப் பத்தி அந்தக் குருவிங்க சொல்லவே இல்லையே!" என்று சீறியது.

கற்குவியலுக்கு நடுவே ஆறு தலைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சரிந்த கல்லுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு செம்பி குட்டிகளை எண்ணியது. நாலு. மறுபடியும் எண்ணியது. நாலேதான்.

மொச்சையன் செம்பியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. பிறகு மெல்லச் சொன்னது. "செம்பி, பின்வாசலைக் குருவிங்களுக்குக் காட்டினது நான்தான்."

"தெரியும்."

"என்னைத் திட்டு."

"அப்புறம் திட்டறேன்," என்றது செம்பி. "நானும் ஒண்ணு சொல்லணும். அந்தப் புடைப்பு அழகுக்கு இல்லை. தப்பாத் தோண்டிட்டு, வெளியில சொல்ல வெட்கப்பட்டு மூடி வெச்சேன்."

மொச்சையன் செம்பியின் முகத்தைப் பார்த்தது. நனைந்த மீசையோடு சிரித்தது. செம்பிக்கும் சிரிப்பு வந்தது. உயிர் பிழைத்த சிரிப்பு.

வெறும் வீட்டில் சாரைக்கு என்ன வேலை? இரண்டு நாள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது. மழை விட்டதும் ஆறும் வீட்டுக்குத் திரும்பின. சுவர் இடிந்து, தரையெல்லாம் பொடிமண்ணாகக் கிடந்தது. செம்பி பெருமூச்சு விடவில்லை. பாசி எடுக்கக் குளத்துக்குக் கிளம்பியது. இந்த முறை மொச்சையனும் கூடப் போனது. முதலில் அது காய்ந்த சுவரில் மண்ணை அப்பி, உதிர்ந்ததைப் பார்த்து விழித்தது. செம்பி பாசியை நீட்டியது.

பழைய பின்வாசலைக் கல் வைத்து அடைத்தன. புதிதாக ஒன்று தோண்டின. எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. படுக்கை அறைச் சுவரில் பழைய இடத்திலேயே பொடிமண்ணை நிரப்பிப் பூசின. அதே வயிறு போல ஒரு புடைப்பு. அதை மொச்சையன்தான் பூசியது. பூசி முடித்துவிட்டு வெளியே போய், ஒரு காரணமும் இல்லாமல் திரும்பி வந்து அதைத் தொட்டுப் பார்த்தது.

வாசலுக்குத் தவிட்டுக்குருவிகள் வந்தன. "புதுசா என்னென்ன செஞ்சிருக்கீங்க? எல்லாத்தையும் காட்டுங்க!" என்று ஏழும் ஒரே குரலில் கேட்டன. ஒன்று முன்வாசலில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. "அது என்ன, சுவர்ல புடைச்சுக்கிட்டு நிக்குது?"

மொச்சையன் செம்பியைப் பார்த்தது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னது.

"அது அழகுக்கு."

தன் வீட்டைத் தன் கையால் செப்பனிட்டவருக்கு அதில் செய்த தவறும் ஒரு நாள் கைகொடுக்கும். பிறர் உழைப்பில் பெருமையடிப்பவர் எதிரிக்கு வழிகாட்டியாகத்தான் முடிவார்.