உடையாத கண்ணாடி

"உங்க கணக்கு பொய்ம்மா," என்றான் அறவாழி.

வேதவல்லி கதவைப் பாதிதான் திறந்தார்.

"உடைஞ்சது எங்கே?"

அந்த வீட்டு வழக்கம் அது. கல்லூரியில் விரிசல் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பாரம் ஏறினால் விரிசல் எந்தப் பக்கம் போகும், எப்போது ஓடும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை. ஓய்வு பெற்றும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. பழத்தட்டோடு வந்தவனை அவர் உள்ளே விட்டதில்லை. முறிந்த அச்சோ வெடித்த குழாயோ, உடைந்த எதையாவது கொண்டுவர வேண்டும்.

அறவாழி கையில் ஆப்பிள் பை.

"எதுவும் உடையலை. அதுதாம்மா என் புகாரே."

கதவு முழுதாகத் திறந்தது.

அவரிடம் படித்த இந்தச் சீடனுக்கும் தலை நரைத்துவிட்டது. நகராட்சிப் பொறியாளர். அவன் குரல் கேட்டால் அலுவலகமே எழுந்து நிற்கும். இங்கே அவன் நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"சொல்லு."

"பஸ் ஸ்டாண்டுத் தண்ணித் தொட்டி. தெற்குத் தூண்ல விரிசல். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் கணக்குப் போட்டேன். விரிசல் வளரும், தொட்டி நிறைஞ்சா ஓடும்னு வந்துச்சு."

"வளர்ந்துச்சா?"

"ஒரு நூல்கூட நகரலை! விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி வெச்சிருக்கேன். விரிசல் அசைஞ்சா கண்ணாடி உடையணும். மாசக்கணக்கா அப்படியே இருக்கு. சேர்மன் என்னை ஜோசியக்காரன்னு கூப்பிடறாரு. ஊரே சிரிக்குது."

"ஊர் அப்படித்தான். விழற வரைக்கும் எல்லாம் உறுதிதான்."

"நாளைக்குத் திருவிழா. காலையிலேர்ந்து தொட்டியில தண்ணி ஏறுது. தூண் நல்லா இருக்குன்னு சாயங்காலத்துக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். கணக்கைப் பார்த்தா போட முடியாது. கண்ணாடியைப் பார்த்தா போடாம இருக்க முடியாது. ரெண்டுல எது பொய்?"

"தொட்டிக்குக் கீழே என்ன இருக்கு?"

"டீக்கடை. பூக்காரங்க. பஸ்ஸுக்கு நிக்கற சனம்."

வேதவல்லி அவனையே பார்த்தார்.

"ஒரு தடவைகூட உடையலையா?"

"முதல்ல ஒட்டினது உடைஞ்சுது. அது விரிசலால இல்லம்மா. வாட்ச்மேன் ஏணியைக் கொண்டுபோய் இடிச்சிருப்பான், மடையன். உடைஞ்சுபோச்சுங்கன்னு பல்லை இளிச்சுக்கிட்டு வந்து நின்னான். எல்லார் முன்னாலயும் நிக்கவெச்சு வாங்கு வாங்குனு வாங்கினேன். நானே வேற ஒட்டினேன், அதுக்கப்புறம் ஒண்ணும் உடையலை."

வேதவல்லி ஆப்பிள் பையைப் பிடுங்கினார். தெருவில் எறிந்தார். ஆப்பிள்கள் உருண்டோடின.

"வண்டியை எடு."

"அம்மா, அந்தக் கணக்கு..."

"எடுடா."

தூண் கறுத்துக் கிடந்தது. பஸ் புகை, வெற்றிலை எச்சில், கிழிந்த போஸ்டர், புறா எச்சம். ஆள் உயரத்தில் விரிசல். அதன் குறுக்கே கண்ணாடி மட்டும் பளபளத்தது.

வேதவல்லி கண்ணாடியைத் தொடவில்லை. அதன் ஓரத்துச் சிமெண்டைப் பார்த்தார். இன்னும் வெளுக்கவில்லை. நகத்தால் கீறினார்.

கோடு விழுந்தது.

மாசக்கணக்கான சிமெண்டில் நகம்தான் உடையும். அறவாழி திரும்பிக் காவலாளியைக் கூப்பிட்டுக் கத்தினான்.

"சடையாண்டி!"

டீக்கடையில் டம்ளர்கள் நின்றன. காவலாளி ஓடிவந்தான்.

"எந்தக் கண்ணாடிடா இது?"

"ஐயா ஒட்டினதுதாங்க."

"பொய் சொன்னே, தோலை உரிச்சிருவேன்!"

"நீ வாயை மூடு," என்றார் வேதவல்லி. காவலாளி பக்கம் திரும்பினார். "கண்ணாடி எங்கே வாங்கினீங்க?"

"படத்துக்குச் சட்டம் போடற கடையிலம்மா. வெட்டினது போக மிச்சம். சும்மாதான் குடுத்தாங்க."

"எப்பெப்ப மாத்தினீங்க?"

சடையாண்டி அறவாழியைப் பார்த்தான்.

"அங்கே என்ன பார்வை? என்னைப் பாருங்க."

"பொங்கலுக்கு ஒண்ணு உடைஞ்சுது. அதுக்குத்தான் ஐயா திட்டினாரு. அப்புறம் மாசி மகத்துக்கு உடைஞ்சுது. பங்குனி உத்திரத்துக்கு. வருசப் பிறப்புக்கு. போன வெள்ளிக்கிழமை." விரலை மடக்கி எண்ணினான். "முந்தாநேத்து. நேத்து."

அறவாழி கணக்குப் படித்தவன். மாதம் வாரமானதையும் வாரம் நாளானதையும் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதும் அவன் கைதான் முதலில் உயர்ந்தது.

"படுபாவி! ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"முதல் தடவை சொன்னேனேங்க, ஐயா."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

டிக்.

சின்னச் சத்தம்தான். கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. பக்கத்தில் ஏணி இல்லை. ஆள் இல்லை.

சடையாண்டி இரண்டு கையையும் தூக்கினான்.

"நான் தொடலைங்க ஐயா! சத்தியமா நான் தொடலை!"

அறவாழி ஓடினான்.

முதலில் மோட்டாரை நிறுத்தினான். பிறகு வடிகால் வால்வு. துருப்பிடித்த சக்கரம் அசையவில்லை. சடையாண்டியும் வந்து தொங்கினான். இருவருமாகத் திருக, தண்ணீர் சாக்கடையில் இடிபோல் இறங்கியது.

"எல்லாரும் வெளியே! ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க! போங்கய்யா!"

திட்டு கிடைத்தது. கொதிக்கும் பாய்லரைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்காரர் அவன் பரம்பரையையே இழுத்தார். பூக்காரி கூடையை இடுப்பில் வைத்தாள்.

"திருவிழா யாவாரம்டா! நீ நல்லா இருப்பியா? உன் கையி விளங்குமா?"

டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். வேதவல்லி ஒரு கிழவரின் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கிழவரும் திட்டினார்.

தொட்டிக்குக் கீழே யாரும் இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

சாத்தியிருந்த கடையொன்றின் படியில் வேதவல்லி உட்கார்ந்தார். அறவாழி நனைந்துபோய் நின்றான். சடையாண்டி நாலடி தள்ளி நின்றான்.

போன் அடித்தது. சேர்மன். ஸ்பீக்கர் போடாமலே ரோடு முழுக்கக் கேட்டது.

"எவன்யா அது? நாளைக்குத் திருவிழா, இன்னிக்குத் தண்ணியைத் திறந்து விட்டிருக்கான்! நல்லா இருந்த தொட்டி! எவன் வேலை இது? அந்த வாட்ச்மேன் பயலா?"

சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டான். பழக்கம்.

அறவாழி அவனைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். இங்கிருந்து பார்த்தால் கண்ணாடி தெரியவில்லை.

"கேக்கறேன்ல? எவன்?"

"நான்தாங்க."

கத்தல் இன்னும் பெரிதாயிற்று. அறவாழி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வேதவல்லி படியில் நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காரு."