பெட்டியை வைக்க ஓர் இடம்

மாசிலாமணி மாநில அரசில் காற்று மாசைக் கவனிக்கும் அதிகாரி. அவருடைய குரு அவரைவிட வயதில் இளையவர். நகரத்துக்கு வெளியே, மாந்தோப்புக்குள் ஆசிரமம் வைத்திருந்தார்.

இந்தக் கோடைக்குள் நகரத்தில் ஓசோனைக் குறைத்துக் காட்டுவோம் என்று அமைச்சர் சட்டசபையில் சொல்லிவிட்டார். ஓசோன் அளக்கும் பெட்டி பஸ் நிலையத்தில் இருந்தது. அத்தனை புகைக்கு நடுவே வைத்தால் அளவு எப்படிக் குறையும்? மாசிலாமணி குருவிடம் அனுமதி கேட்டுப் பெட்டியை மாந்தோப்புக்கு மாற்றினார்.

அளவு இரண்டு மடங்காக ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஓடி வந்தார்.

"சுவாமி, நாளைக்கு அமைச்சர் கூப்பிட்டிருக்கிறார். என்னைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்துவிடுவார்."

"ஓசோன் குறைகிறது என்றுதானே முன்பெல்லாம் அழுதார்கள்?"

"அது மேலே வானத்தில், சுவாமி. அங்கே வேண்டும். கீழே நாம் மூச்சுவிடும் இடத்தில் இருந்தால் நெஞ்சை அரிக்கும்."

"என் தோப்புக்கு அது எப்படி வந்தது?"

"வண்டிப் புகை வெயிலில் வெந்துதான் ஓசோன் ஆகிறது. வேகிற நேரத்துக்குள் காற்று அதை இங்கே தள்ளிவிடுகிறது. பஸ் நிலையத்தில் புதுப் புகையே ஓசோனைத் தின்றுவிடும். நான் படித்ததுதான். அவசரத்தில் மறந்துவிட்டேன்."

பக்கத்தில் மூச்சுப் பயிற்சியில் இருந்த நாலைந்து பேர், இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் குருவைப் பார்த்தார்கள்.

"விடுங்கள்" என்றார் குரு.

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "பெட்டியைப் பழையபடி பஸ் நிலையத்திலேயே வைத்துவிடுகிறேன். அளவு பாதியாகிவிடும். பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று அமைச்சரும் சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை."

பொய்யில்லை என்பதுதான் மாசிலாமணியை உறுத்தியது.

குரு எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கே, சுவாமி?"

"பஸ் நிலையத்துக்கு. இனிமேல் தியானம் அங்கேதான். இங்கே இருப்பதில் பாதிதான் அங்கே என்கிறீர்களே."

"ஐயோ, அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் இருமல் வந்துவிடும்!"

"இருமலை இந்தப் பெட்டி அளக்குமா?"

"அளக்காது."

"பிறகென்ன? வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்."

மாசிலாமணி வரும்போதே சொல்லிவைத்திருந்தபடி, டிரைவர் பெட்டியின் கம்பிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார். "சார், ஏத்திடலாமா?"

மாசிலாமணி பெட்டியைப் பார்த்தார். ஜீப்பில் சம்மணம் போட்டிருந்த குருவைப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

டிரைவர் மறுபடி கம்பியைக் கட்டினார். மாசிலாமணி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அமைச்சரிடம் நாளைக்கு என்ன சொல்வது, சுவாமி?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். நல்ல மத்தியான வெயிலில் இங்கே கூட்டி வாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பாய் போடுகிறேன்."