ஒற்றைச் செருப்பு காணாமல் போன கதை

தப்பு சேவுகனுடையது. நல்ல நாயைச் சும்மா உட்கார வைத்துவிட்டான்.

அந்தக் காலத்தில் ஆடு, நாய், காக்கை எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. பேசினதில் பாதி வெட்டிப் பேச்சு. அதை விடு. சேவுகன் ஆட்டுக்காரன். ஊருக்கு வெளியே குடிசை. நூறு ஆடு, இருளாயி என்று ஒரு மனைவி, செவலை என்று ஒரு நாய். கிடையைச் சுற்றிக் காவல் காப்பதும், வழி தப்பிய குட்டியை மோப்பம் பிடித்துக் கொண்டு வருவதும் செவலையின் வேலை.

ஒரு மாசி மாதம் நரிக்கூட்டம் வந்தது. செவலை ஒற்றையாக நின்று விரட்டியது. காதில் பாதி போனது. ஆட்டில் ஒரு குட்டிகூடப் போகவில்லை.

சேவுகன் அந்தக் காதைத் தடவித் தடவி அழுதான்.

"நீ உழைச்சது போதும்டா. இனி உனக்கு ஒரு வேலையும் கிடையாது. தின்னு, தூங்கு. இது சத்தியம்."

"சரிண்ணே" என்றது செவலை. பாசமாகக் கொடுப்பதை மறுக்க அதற்குத் தெரியாது.

கிடையைச் சுற்றி உடைமுள் வேலி போட்டான். மரத்தடியில் கம்பளி விரித்தான். காலையில் ஆட்டுப்பால், மாலையில் கேப்பைக் கூழ். நாய் எழுந்தால் "படு, படு" என்றான்.

பத்து நாள் படுத்தது. பிறகு கம்பளியைக் கிழித்தது. குழி தோண்டியது. போகிற ஓணானை எல்லாம் பார்த்துக் குரைத்தது. அப்புறம் அதையும் விட்டுவிட்டுத் தன் முன்னங்காலையே நக்க ஆரம்பித்தது. முடி உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிட்டது. வைகாசி வந்தபோது பால் சட்டியில் ஈ மொய்த்தது. நாய் தலையைத் திருப்பவில்லை.

சேவுகன் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டான்.

"என்னடா செய்யுது?"

"தெரியலண்ணே."

"வலிக்குதா?"

"இல்ல. விடியுது. அடையுது. மறுபடி விடியுது. அவ்வளவுதான்."

இன்னொரு கம்பளி கொண்டுவந்து போட்டான். முட்டாள்.

இருளாயிக்குப் பொறுக்கவில்லை. "இந்தாய்யா, உன்னை மூணு மாசம் படுக்கப் போட்டுப் பால் ஊத்தினா என்ன ஆவே?"

"சுகமா இருப்பேன்."

"நீ இருப்பே. அது செத்துப்போயிரும்."

"சத்தியம் பண்ணிட்டேன் புள்ள. அதுகிட்ட வேலை வாங்க மாட்டேன்."

"நீ வாங்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் கூழ் கிண்டப் போனாள்.

மறுநாள் காலை சேவுகனின் செருப்பில் ஒன்றைக் காணோம். ஒற்றைக் காலில் நொண்டி நொண்டித் தேடினான்.

"முள்ளுக்காட்டுக்குள்ள எப்படிடா போவேன்?"

செவலையின் பாதிக் காது நிமிர்ந்தது. மிச்சமிருந்த செருப்பை மோந்து பார்த்தது. "நீ இருண்ணே." சேவுகனுக்குச் சத்தியம் ஞாபகம் வருவதற்குள் அது போய்விட்டது.

உச்சி வெயிலில் திரும்பி வந்தது. உடம்பெல்லாம் ஒட்டுப்புல். செருப்பைக் காலடியில் போட்டது. "கண்மாய்க் கரையில, ஆவாரஞ்செடிக்குள்ள கெடந்துச்சுண்ணே!" ஒரு சட்டிக் கூழையும் நக்கித் தீர்த்து, சட்டியையும் உருட்டியது.

மறுநாளும் ஒன்றைக் காணோம். வைக்கோல் போருக்குள் கிடந்தது. அதற்கடுத்த நாள் எருக்குழியில். "எந்த நரி இப்படி விளையாடுது?" என்று சேவுகன் தினமும் திட்டினான். நாயின் புண் ஆறியது. முடி முளைத்தது.

பிறகு ஒருநாள் இருளாயி தங்கச்சியின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் செருப்பு இரண்டும் வாசலிலேயே கிடந்தன. செவலை வந்து பார்த்தது. குடிசையைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தது. பொழுது ஏறியும் இரண்டும் அங்கேயேதான். கடைசியில் ஒன்றை, ஒன்றை மட்டும், கவ்விக்கொண்டு ஓடியது. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது.

"அடத் திருட்டுப் பயலே!"

சேவுகன் ஒற்றைச் செருப்போடு விரட்டினான். பருத்திக் காடு, சோளக் காடு, கண்மாய்க் கரை. கரையில் இரண்டு பேரும் மூச்சு வாங்க விழுந்தார்கள். சேவுகனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இத்தனை நாளும் நீதானாடா?"

"இன்னிக்கு மட்டும்தாண்ணே."

"அப்ப மத்த நாளெல்லாம்?"

"முதல் நாளே தெரியும். செருப்புல கை வாடை இருந்துச்சு. சொன்னா நின்னு போயிரும்னு சொல்லல."

"யாரு கைடா?"

செவலை சட்டென்று செருப்பைக் கவ்விக்கொண்டது. வாயில் செருப்பு இருந்தால் பேச முடியாது. பேச்சா, செருப்பா என்று வந்தபோது அது செருப்பை வைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் நாய்க்குப் பேச்சில்லை. வாசலில் ஒற்றைச் செருப்பு காணாமல் போவதும் அன்று முதல்தான். இரண்டையும் எடுத்தால் நீ புதுச் செருப்பு வாங்கப் போய்விடுவாய். ஒன்றை எடுத்தால்தான் பின்னால் வருவாய். அதனால் நாயை அடிக்காதே. எழுந்து ஓடு. யாரையாவது திட்டித்தான் தீர வேண்டுமென்றால், முதல் செருப்பை ஒளித்தவளைத் திட்டு. அவள் பெயர் இருளாயி.