நாற்பது தீவட்டியும் ஒரு பஞ்சுத் துணுக்கும்

வெள்ளூற்றுப் பாளையத்து ராஜா முத்துவிஜயருக்குப் புதுசாக எதைப் பார்த்தாலும் ஆசை. கரைக்கு வந்த கப்பல்காரன் ஒருவனிடம் யானைக்கன்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரண்டு முழ நீளப் பித்தளைத் தூரக்கண்ணாடியை வாங்கிவந்தார். சந்திரனைப் பார்த்து, "குழி குழியாக இருக்கிறதே!" என்று துள்ளினார். ஒரு வாரம் அரண்மனையில் வேறு பேச்சே இல்லை.

கண்ணாடியைத் துடைத்து வைக்கும் வேலை ராயசம் திருமலைக்கொழுந்துக்கு வந்தது. ராஜாவுக்கு ஓலை எழுதுகிறவர் அவர். வெறுமனே துடைத்து வைப்பாரா? ஒருநாள் பொழுது சாய்ந்ததும் அதைக் கொல்லைப்புற இருட்டுக்குக் கொண்டுபோய் வானத்தைத் துழாவினார். மறுநாள் சபையில் வாய் சும்மா இருக்கவில்லை.

"மகாராஜா, உத்திரட்டாதிக்கு வடக்கே ஒரு பஞ்சுத் துணுக்கு இருக்கிறது. நட்சத்திரமும் இல்லை, மேகமும் இல்லை. யாரோ ஊதிவிட்ட மாதிரி அப்படியே தொங்குகிறது!"

ராஜா அன்று இரவே மொட்டைமாடிக்கு ஏறினார். முன்னால் நாற்பது தீவட்டி. மாடி முழுக்கக் கல்யாண வீடு போல வெளிச்சம். ராஜா கண்ணாடியில் கண்ணை வைத்தார். எடுத்தார். துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார்.

"ஒன்றும் இல்லையே, கொழுந்து."

தானாதிபதி மகுடபதிக்கு இது போதும். அரண்மனைச் சம்பிரதாயமெல்லாம் அவர் கையில். ராயசத்தை ராஜா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. "ராஜாவிடமே பொய்! எழுத்தாணி பிடிக்கிற கைக்கு இவ்வளவு துணிச்சலா?" என்றார்.

"வெளிச்சம் இருந்தால் தெரியாது மகாராஜா. தீவட்டியை அணைத்தால்..."

"அணைப்பதா?" மகுடபதி பதறினார். "உங்கள் பாட்டனார் காலத்துச் செப்பேடு இருக்கிறது. அதை மீறினால் வம்சத்துக்கே ஆகாது!"

ராஜாவுக்கு ஏமாற்றம் கோபமாக மாறியது. "நாளைக்குள் எனக்கு அதைக் காட்டு. ஒரு தீவட்டியும் அணையக்கூடாது. காட்டாவிட்டால் எழுத்தாணியை வைத்துவிட்டு யானைக்கொட்டடியில் சாணி அள்ளு!"

கொழுந்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. விடிந்ததும் நேரே மகுடபதியிடம் போனார்.

"தானாதிபதியாரே, அந்தச் செப்பேட்டை ஒருமுறை வாசியுங்களேன்."

மகுடபதி கனைத்துக்கொண்டு வாசித்தார்: "அரசர் புறப்பட்டால் எரியும் தீவட்டி நாற்பது அவருக்கு முன்னே செல்லக்கடவது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஓர் எழுத்து கூடாது, ஓர் எழுத்து குறையாது."

கொழுந்துக்குப் பசி எடுத்துவிட்டது.

அன்று மார்கழி அமாவாசை. விளக்கு வைத்து ஒரு நாழிகையில், கொழுந்து சொன்னபடி ராஜா ஊருக்குத் தெற்கே பொட்டலுக்குப் புறப்பட்டார். முன்னே நாற்பது தீவட்டி. பொட்டலில் ராஜா நின்றார். தீவட்டிகள் நிற்கவில்லை.

தீவட்டிக்காரர்களின் தலைவன் மாயாண்டி திரும்பிப் பார்த்துக் கூவினான். "இன்னும் போகணுமா சாமி?"

"முன்னே போ! போய்க்கொண்டே இரு!" என்று கத்தினார் கொழுந்து. "அந்தக் கரட்டுக் குன்றைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாரும் கஞ்சி குடியுங்கள்!"

"எங்கே போகிறார்கள்?" மகுடபதி அலறினார்.

"ராஜாவுக்கு முன்னேதான் போகிறார்கள். ஒன்றும் அணையவில்லை. எத்தனை அடி முன்னே என்று செப்பேட்டில் இல்லையே!"

கரட்டுக்குப் பின்னால் கடைசித் தீவட்டியும் மறைந்தது. மையிருட்டு. மகுடபதி கல்லில் இடறி ஏதோ முனகினார். கொஞ்ச நேரத்தில் ராஜாவின் குரல் மட்டும் கேட்டது, சின்னப்பிள்ளைக் குரல்.

"கொழுந்து! இத்தனை நட்சத்திரமும் நேற்று எங்கே இருந்தன?"

"இங்கேதான் மகாராஜா. நாம்தான் வெளிச்சம் போட்டு விரட்டிக்கொண்டிருந்தோம்."

கொழுந்து கண்ணாடியை முக்காலியில் வைத்து உத்திரட்டாதிப் பக்கம் திருப்பினார். ராஜா குனிந்தார். முறைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"இல்லையே!"

கொழுந்து அன்றைய இரவை நினைத்துப் பார்த்தார். தான் பார்த்தபோது மட்டும் எப்படித் தெரிந்தது? கொல்லையில் கொசு கடித்தது. சட்டென்று கண்ணை ஒதுக்கினார். அந்த ஓரத்தில்தான் அது தெரிந்தது! ஆனால் ராஜாவைப் பார்த்து, "அங்கே பார்க்காதீர்கள்" என்று சொல்ல முடியுமா?

மகுடபதி முந்திக்கொண்டார். "ராஜாவே நேருக்கு நேர் பார்த்தும் தெரியாதது எப்படி இருக்கும்?"

"மகாராஜா," என்றார் கொழுந்து, "தினமும் வாசலில் குடிகள் வந்து நிற்கிறார்களே, உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?"

"என்ன கேட்பார்கள்? 'கடைக்கண் பார்வை வேண்டும்' என்பார்கள்."

"இதுவும் அதைத்தான் கேட்கிறது. கூச்சம் பிடித்த குடி. நேரே முறைத்தால் ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் தள்ளிப் பார்த்து, கடைக்கண்ணை மட்டும் இதன்மேல் வையுங்கள்."

ராஜா பார்வையைச் சற்று ஒதுக்கினார்.

"அம்மாடி!"

பொட்டலே அதிர்ந்தது. "வந்துவிட்டதடா! வெள்ளையாக, நீள்வட்டமாக! நேரே பார்த்தால் ஓடுகிறது, விட்டால் வருகிறது! போகிறது, வருகிறது!" ராஜா கொழுந்தின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். ராஜாவின் தலைப்பாகை கழன்று விழுந்தது. அதை யாரும் தேடவில்லை. இரண்டு பேரும் இருட்டில் கைகோத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

"மகுடபதி, வா! நீயும் பார்!"

மகுடபதி தடவித் தடவி வந்து கண்ணை வைத்தார். ராஜா இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது இனி எதிர்த்துப் பேசுவானேன் என்று தீர்மானித்துவிட்டார்.

"ஆகா! தெரிகிறது மகாராஜா! வெள்ளை வெளேரென்று! அதன் நடுவில் உங்கள் திருமுகமே தெரிகிறது!"

"தானாதிபதியாரே," என்றார் கொழுந்து பணிவாக, "கொஞ்சம் நகருங்கள். பனி இறங்குகிறதே என்று இப்போதுதான் முன்பக்கம் தோல்மூடியைப் போட்டேன். கழற்றித் தருகிறேன், அப்புறம் பாருங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கரட்டுக்கு அந்தப் பக்கம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்ததும், "இனி இது உன்னுடையது" என்று தூரக்கண்ணாடியைத் தூக்கிக் கொழுந்தின் கையிலேயே கொடுத்துவிட்டார்.